மெதுவான நினைவகம் சத்தம் போடாது

ரேம் போதாதபோது அதில் இருப்பதை டிஸ்க்குக்குத் தள்ளும் ஸ்வாப்பைத் திட்டாத சர்வர் நிர்வாகியை நான் பார்த்ததில்லை. எனக்கோ அதன் மேல் ஒரு தனி மரியாதை உண்டு. இயங்குதளத்தின் மையமான கெர்னல் தவறான பக்கத்தை (நினைவகத்தின் ஒரு சிறு துண்டை) டிஸ்க்குக்குத் தள்ளிவிட்டால், அந்தப் பக்கத்தைத் தொட்ட கணமே பேஜ் ஃபால்ட் ("பக்கம் இங்கே இல்லை" என்று கெர்னலைக் கூப்பிடும் குறுக்கீடு) வரும், நிரல் நிற்கும், கிராஃப் எகிறும், யாராவது ஃபோன் செய்வார்கள். தப்பு நடந்தது ஊருக்கே தெரிந்துவிடும்.

இப்போது பரவிவரும் அடுக்கு நினைவகத்தில் இந்த வசதி கிடையாது. வேகமான ரேம் மேல் அடுக்கு. கொள்ளளவில் பெரியதும் வேகத்தில் சற்றுக் குறைந்ததுமான நினைவகம் கீழ் அடுக்கு. அந்தக் கீழ் அடுக்கு இன்று பெரும்பாலும் சிஎக்ஸ்எல் என்ற இணைப்பு வழியாகச் செருகிய அட்டை. லினக்ஸ் அதை ப்ராசஸரே இல்லாத ஒரு நூமா நோடாக, அதாவது எண்ணிட்ட தனி நினைவகத் தொகுதியாக, காட்டும். நூமாசிடிஎல் கருவியை ஓட்டிப் பார்த்தால் நோடு 0-க்கும் 1-க்கும் நேரே ப்ராசஸர் எண்கள் வரிசையாக இருக்கும். நோடு 2-க்கு நேரே அந்த இடம் காலி, நினைவக அளவு மட்டும் இருக்கும். முதல் தடவை பார்ப்பவர்கள் ஏதோ பழுது என்றே நினைப்பார்கள்.

சாக்கெட்டை ஒட்டிய ரேமைப் படிக்க ஏறக்குறைய 100 நானோ நொடி ஆகும் என்று வையுங்கள். சிஎக்ஸ்எல் நினைவகத்துக்கு அதைப்போல் இரண்டு மடங்கு, சில அட்டைகளில் இன்னும் கொஞ்சம் கூடும். எஸ்எஸ்டியோ பல பத்து மைக்ரோ நொடி கேட்கும். அதனால் கீழ் அடுக்கை டிஸ்க் போல நடத்தத் தேவையில்லை. ப்ராசஸர் நேரடியாக அங்கிருந்தே படிக்கலாம், எழுதலாம்.

இதைப் பரணோடு ஒப்பிடுவது வழக்கம்: அடிக்கடி எடுக்காததை மேலே போட்டுவிடு என்று. ஒப்புமை பாதிதான் பொருந்துகிறது. பரணில் கிடப்பதை எடுக்க ஏணி வேண்டும், ஏணியைத் தேடும்போதே "இதை ஏன் மேலே போட்டோம்" என்று உறைக்கும். இங்கே ஏணியே வேண்டாம், கை நீட்டினால் எட்டிவிடும், சற்றுத் தாமதமாக. ஃபால்ட் வராது, கெர்னலுக்குச் செய்தி போகாது. ஒரு நிரல் நாள் முழுக்கக் கீழ் அடுக்கிலேயே உழன்றாலும் யாரும் கவனிக்கப்போவதில்லை.

அடுக்கு நினைவகத்தைப் பற்றி எனக்குச் சொல்ல இருப்பது பெரும்பாலும் இந்த மௌனத்தைப் பற்றித்தான்.

வேறொரு குழுவின் தரவுத்தள சர்வர் ஒன்று என் பார்வைக்கு வந்தது. புகார் இதுதான்: ரீஸ்டார்ட் செய்ததும் நன்றாக ஓடுகிறது, போகப்போக மந்தமாகிறது. மெமரி லீக் என்று எல்லாரும் முடிவு கட்டியிருந்தார்கள். ஆனால் ப்ராசஸ் பிடித்திருந்த நினைவகத்தின் அளவு மாறவே இல்லை. சிபியூ பயன்பாடு லேசாக ஏறியிருந்தது. டிஸ்க்கில் எதுவும் இல்லை. ஸ்வாப் அணைக்கப்பட்ட கணினி அது, ஆகவே தரவுத்தளத்தின் அனானிமஸ் பக்கங்கள் (எந்தக் கோப்போடும் சேராதவை) எங்கும் நகராது என்பது எல்லாருடைய நம்பிக்கை.

ப்ராக் அடைவில் ஒவ்வொரு ப்ராசஸுக்கும் நூமா மேப்ஸ் என்று ஒரு கோப்பு உண்டு. எந்த நினைவகப் பகுதி எந்த நோடில் எத்தனை பக்கங்கள் வைத்திருக்கிறது என்று வரிவரியாகச் சொல்லும். அதைத் திறந்து தரவுத்தளத்தின் இண்டெக்ஸ் இருந்த பெரிய பகுதிக்கான வரியைப் பார்த்தால், என்0 எண் சிறுத்திருந்தது, என்2 எண் பெருத்திருந்தது. இண்டெக்ஸின் பெரும்பகுதி கீழ் அடுக்கில் குடியேறியிருந்தது.

எப்படிப் போயிற்று என்பது எளிது. இரவில் கோரிக்கைகள் குறையும், அந்த நேரம் பார்த்து பேக்கப் ஓடும். பேக்கப் எழுதும் கோப்புகளால், கோப்புகளின் நகலை ரேமில் வைக்கும் பேஜ் கேஷ் ஊதும், நோடு 0-இல் காலியிடம் குறையும், இடத்தை மீட்கும் கெர்னல் த்ரெட்டான கேஸ்வாப்டி விழித்துக்கொள்ளும். அப்போது தொடப்படாமல் கிடந்த இண்டெக்ஸ் பக்கங்கள் அதன் கண்ணில் படும். காலையில் கோரிக்கைகள் திரும்பின, பக்கங்கள் திரும்பவில்லை.

ஏன் திரும்பவில்லை என்பதுதான் சுவாரசியம். கீழே இறக்குவதற்கு ஒரு சுவிட்ச், மேலே ஏற்றுவதற்கு வேறொரு சுவிட்ச். இரண்டும் இரண்டு இடத்தில் இருக்கின்றன. இறக்குவது சிஸ் அடைவுக்குள், கெர்னல், எம்எம், நூமா என்று போய், டிமோஷன் எனேபிள்ட் கோப்பில். அது இயல்பில் அணைந்திருக்கும், இங்கே யாரோ தெரிந்தே போட்டிருந்தார்கள். ஏற்றுவது நூமா பேலன்சிங் என்ற பழைய சிஸ்கண்ட்ரோலில். தரவுத்தளங்களுக்கான டியூனிங் வழிகாட்டிகள் பல அதை 0 ஆக்கச் சொல்லும். இரண்டு சாக்கெட் கணினியில் தேவையில்லாத பக்க நகர்வைத் தவிர்க்க அது அந்தக் காலத்தில் நியாயமான அறிவுரை. ஆனால் கீழ் அடுக்கு ஒன்று வந்துசேர்ந்த கணினியில், அந்த 0-வுக்கு ஒருவழிப் பாதை என்று பொருள். இந்த இரண்டு சுவிட்சுகளையும் ஒன்றாகக் கட்டாமல் விட்டது கெர்னல் வடிவமைப்பில் எனக்குப் பிடிக்காத விஷயம். காரணம் புரிகிறது, பிடிக்கத்தான் இல்லை.

சரி, உள்ளே என்ன நடக்கிறது?

இறக்கும் வேலை 2021-இல் லினக்ஸ் 5.15-இல் சேர்ந்தது. யோசனை எளிமையானது. மீட்புக் குறியீடு நினைவகம் போதாதபோது ஆறிப்போன பக்கங்களைத் தேடி எடுக்கிறது அல்லவா, அவற்றைத் தூக்கி எறிவதற்கோ ஸ்வாப்புக்கு அனுப்புவதற்கோ முன்னால், கீழ் அடுக்கில் இடம் இருக்கிறதா என்று பார். இருந்தால் அங்கே நகர்த்து. இல்லாவிட்டால் பழைய வழி. ஸ்வாப் இல்லாத கணினியில்கூட அனானிமஸ் பக்கங்கள் நகரும் என்பது இதன் பக்கவிளைவு. மேலே சொன்ன குழுவின் நம்பிக்கை உடைந்தது இங்கேதான்.

ஒரு 4 கேபி பக்கம் நகர்வதைக் கிட்டத்தில் பார்த்தால் அது எத்தனை பேரைத் தொந்தரவு செய்கிறது என்று தெரியும். முதலில் எல்ஆர்யூ பட்டியலிலிருந்து (எது அண்மையில் தொடப்பட்டது என்ற வரிசை) பக்கத்தைப் பிரிக்க வேண்டும், பூட்ட வேண்டும், கீழ் நோடில் புதுப் பக்கம் வாங்க வேண்டும். பிறகு அந்தப் பக்கத்தைக் காட்டும் ஒவ்வொரு பேஜ் டேபிள் பதிவையும் (நிரலின் முகவரி எந்த நினைவக இடம் என்று சொல்வது) நீக்கி, "நகர்ந்துகொண்டிருக்கிறது, பொறு" என்று சொல்லும் தற்காலிகப் பதிவை வைக்க வேண்டும். பழைய முகவரி எந்த ப்ராசஸரின் டிஎல்பியிலாவது (அந்தப் பதிவுகளை நினைவில் வைக்கும் சிறு அட்டவணை) ஒட்டிக்கொண்டிருக்கலாம், ஆகவே அந்த ப்ராசஸர்களுக்கு இன்டரப்ட் அனுப்பித் துடைக்கச் சொல்ல வேண்டும். எதிர்பார்த்ததைவிட ஒரு ரெஃபரன்ஸ் கூடுதலாக இருந்தாலும், வேறு யாரோ பக்கத்தைப் பிடித்திருக்கிறார்கள் என்று விட்டுவிட வேண்டும். இதெல்லாம் தாண்டினால்தான் நகலெடுப்பது. அதன் பிறகு புது முகவரியோடு பதிவுகளைத் திரும்ப வைப்பது, காத்திருந்த த்ரெட்களை எழுப்புவது. நடுவில் நகலெடுக்கும் 4096 பைட்டுதான் ஆகச் சின்ன வேலை. டிஎல்பி துடைப்பைப் பக்கம் பக்கமாகச் செய்யாமல் மொத்தமாகச் செய்யும் வசதி 2023-இல் 6.3-இல் வந்த பிறகு இது கொஞ்சம் தேறியது.

எது ஆறிய பக்கம் என்று கெர்னல் எப்படி முடிவு செய்கிறது? 1966-இல் பெலாடி சொன்ன சிறந்த முறைக்கு எதிர்காலம் தெரிந்திருக்க வேண்டும்: இனி நெடுநேரம் தொடப்படாத பக்கத்தை வெளியேற்று. அது கிடைக்காத இடத்தில் கடந்த காலத்தைப் பார்த்து ஊகிக்கிறோம். கையில் இருப்பதோ பேஜ் டேபிள் பதிவில் ஒரே ஒரு பிட். ப்ராசஸர் அந்தப் பக்கத்தின் முகவரியைத் தேடிப் போகும்போது அதை 1 ஆக்கும். கெர்னல் அவ்வப்போது வந்து பார்த்துவிட்டு 0 ஆக்கும். அடுத்த முறையும் 0 என்றால், இடையில் யாரும் தொடவில்லை.

தொடவில்லை என்பதும் முழு உண்மை இல்லை. எக்ஸ்86-இல் அந்த பிட்டை அழிக்கும்போது கெர்னல் டிஎல்பியைத் துடைப்பதில்லை. முகவரி டிஎல்பியிலேயே தங்கியிருந்தால் ப்ராசஸர் பேஜ் டேபிளுக்குப் போகவே வேண்டாம், பிட்டும் எழாது. அதாவது, கொதித்துக்கொண்டிருக்கும் பக்கம் ஆறியதாகத் தெரியலாம். குறியீட்டில் அந்த இடத்திலேயே குறிப்பு இருக்கிறது: தரவு கெடாது, சூடான பக்கம் தவறுதலாக வெளியேறும் வாய்ப்பு மட்டும் உண்டு, ஆனால் அது குறைவு, துடைப்பதற்கு ஆகும் செலவை மிச்சம் பிடிக்கிறோம் என்கிற அர்த்தத்தில். கெர்னலில் எனக்கு மிகவும் பிடித்த குறிப்புகளில் அது ஒன்று. தப்பு நடக்கும் என்று தெரிந்தே கணக்குப் போட்டு விட்டிருக்கிறார்கள்.

எதிர்ப்பக்கமும் ஏமாற்றும். ஒரு பக்கத்தை நிரல் ஓயாமல் தொடலாம், ஆனால் அதன் தரவு முழுக்க ப்ராசஸரின் கேஷிலேயே இருக்கலாம். பிட் எழும், கெர்னல் சூடு என்று குறிக்கும், உண்மையில் அந்தப் பக்கம் எந்த அடுக்கில் இருந்தாலும் ஒன்றுதான். 2 எம்பி பெரிய பக்கமாக இருந்தால் இன்னும் மோசம்: உள்ளே இருக்கும் 512 சிறு பக்கங்களில் ஒன்று சூடாக இருந்தால் மிச்சம் 511-ம் அதோடு மேலே உட்கார்ந்திருக்கும். 2022 கடைசியில் 6.1-இல் சேர்ந்த பல தலைமுறை எல்ஆர்யூ இந்த பிட்டுகளைச் சாமர்த்தியமாகத் திரட்டுகிறது, பக்கங்களை இரண்டே பட்டியல்களுக்குப் பதிலாகத் தலைமுறைகளாகப் பிரிக்கிறது. ஆனாலும் கச்சாப்பொருள் அதே ஒரு பிட்தான்.

இறக்குவதற்கு இந்த அளவு போதும், ஏனென்றால் தப்பாக இறக்கினால் இழப்பு ஒரு படிப்புக்கு நூறு நானோ நொடிதான். ஏற்றுவதுதான் கஷ்டம். கீழ் அடுக்கில் இருக்கும் பக்கத்தைத் தொட்டால் கெர்னலுக்குத் தெரியாது என்றேன். அதற்கு அவர்கள் கண்ட வழி, செயற்கையாகச் சத்தம் உண்டாக்குவது. நூமா பேலன்சிங்கை 2 ஆக்கினால், ப்ராசஸின் முகவரிப் பரப்பை இயல்பாக 256 எம்பி துண்டுகளாக நடந்து, கீழ் அடுக்குப் பக்கங்களின் பதிவுகளை மட்டும் "அனுமதி இல்லை" என்று மாற்றி வைக்கும், நேரத்தையும் குறித்துக்கொள்ளும். அடுத்து நிரல் அதைத் தொடும்போது ஃபால்ட் வரும். குறித்த நேரத்துக்கும் ஃபால்ட் வந்த நேரத்துக்கும் உள்ள இடைவெளி சின்னதென்றால் பக்கம் சூடு. இயல்பு எல்லை ஒரு நொடி. ஸ்வாப் இலவசமாகத் தந்த கூச்சலை இங்கே காசு கொடுத்து வாங்குகிறோம்.

இந்த அளவுகோல் எனக்குப் பிடிக்கும். "தொட்டார்களா இல்லையா" என்று கேட்காமல் "எவ்வளவு சீக்கிரம் தொட்டார்கள்" என்று கேட்கிறது. எல்லாவற்றையும் ஒரே ஒரு முறை வருடிப்போகும் ஸ்கேனுக்கு முன்னால் முதல் கேள்வி தோற்றுவிடும். இரண்டாவது ஓரளவு தாக்குப்பிடிக்கும்.

ஏற்றுவது லாபமா என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு பக்கத்தை மேலே கொண்டுவர 5 மைக்ரோ நொடி, அதற்கு இடம் விட இன்னொன்றைக் கீழே தள்ள 5 என்று வைத்துக்கொள்வோம். மேலே வந்தபின் ஒவ்வொரு படிப்புக்கும் 100 நானோ நொடி மிச்சம். போட்ட முதலை எடுக்கவே 100 படிப்பு வேண்டும், அதுவும் கேஷில் அகப்படாத படிப்பாக. 4 கேபி பக்கத்தில் 64 பைட் கேஷ் வரிகள் 64 தான் இருக்கின்றன. முழுப் பக்கத்தையும் ஒரு தடவை தலை முதல் வால் வரை படித்தாலும் கடன் அடையாது, வரிசையாகப் படித்தால், முன்கூட்டியே எடுத்துவைக்கும் ப்ரீஃபெட்ச் தாமதத்தை வேறு மறைத்துவிடும். அதனால்தான் இறக்குவதில் தாராளமும் ஏற்றுவதில் கஞ்சத்தனமும் வேண்டும் என்பது என் கட்சி. கெர்னலின் இயல்பு அமைப்பு அப்படி இல்லை. ஏற்றும் வேகத்துக்கான வரம்பு நொடிக்கு 65536 எம்பி என்று வைத்திருக்கிறார்கள். 64 ஜிபி! வரம்பே இல்லை என்று சொல்வதற்கு மரியாதையான வழி அது. அந்த வரம்பை வைத்துத்தான் ஒரு நொடி எல்லையைக் கெர்னல் தானே கூட்டிக் குறைக்கிறது, ஆகவே அதைத் தொடாமல் விட்டால் அந்தத் தானியங்கித் திருத்தமும் சும்மாதான் இருக்கும். நான் முதலில் குறைப்பது இந்த எண்ணைத்தான்.

பேஜ் டேபிள் பதிவு இருந்தால்தான் இந்தத் தந்திரம் நடக்கும். ரீட் அழைப்பு வழியாகப் படிக்கப்படும் கோப்புகளின் பேஜ் கேஷுக்கு அப்படிப் பதிவே கிடையாது, கெர்னலே நகலெடுத்துக் கொடுக்கிறது. அந்தப் பக்கங்கள் கீழே போனால் இந்தச் செயற்கை ஃபால்ட் வழியில் அவற்றைக் கண்டுபிடிக்க முடியாது. தன் கையாலேயே ஓயாமல் தொடும் பக்கத்தைக் கெர்னல் அடையாளம் காணாமல் இருப்பது வேடிக்கைதான்.

எண்களைப் பார்ப்பவர்களுக்கு ஒன்று. விஎம்ஸ்டாட் கோப்பில் ஏற்றியது, இறக்கியது இரண்டுக்கும் எண்ணிகள் உண்டு. இரண்டும் சேர்ந்து ஏறிக்கொண்டே போனால் பக்கங்கள் பந்தாடப்படுகின்றன, அது எளிதில் புரியும். இறக்கியதில் டைரக்ட் என்று முடியும் எண்ணி நகர்ந்தால் நினைவகம் கேட்ட த்ரெட்டே நின்று பக்கங்களைச் சுமக்கிறது, அதுவும் கெட்ட சேதி. ஆனால் எல்லாம் அசையாமல் இருந்தால் நல்லது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்தத் தரவுத்தள சர்வரில் பகல் முழுக்க எண்ணிகள் அசையவே இல்லை. தவறான இடத்தில் நிம்மதியாகக் குடியிருந்தது, அவ்வளவுதான்.

அதனால் எண்ணிகளைப் பார்ப்பதற்கு முன்னால் இரண்டு ஓரங்களையும் அளந்துவிடுவேன். மேல் அடுக்கில் அடங்கும் அளவுக்குத் தரவைச் சுருக்கி, எல்லாம் நோடு 0-இல் என்று ஒரு ஓட்டம், எல்லாம் நோடு 2-இல் என்று இன்னொரு ஓட்டம். இறக்கும் சுவிட்சை அணைத்துவிட்டு. இரண்டு பி99 எண்களும் (நூறில் 99 கோரிக்கைகள் முடிந்துவிடும் நேரம்) அருகருகே இருந்தால் அடுக்குக் கொள்கையைப் பற்றி மண்டையை உடைப்பதில் பயனில்லை. தூரத்தில் இருந்தால்தான் வேலை இருக்கிறது.

பொறிகளை நட்டுக் காத்திருக்காமல் நினைவக அட்டையே எது சூடு என்று சொன்னால் என்ன? 2024 டிசம்பரில் வெளியான சிஎக்ஸ்எல் 3.2 வரையறையில் சூடான பக்கங்களைக் கண்காணிக்கும் ஒரு பகுதி சேர்ந்திருக்கிறது. கேஷைத் தாண்டி உண்மையில் அட்டைக்கு வரும் படிப்புகளை எண்ணக்கூடிய இடம் அது, பிட்டின் பொய்கள் அங்கே எடுபடாது. சிலிக்கான் கைக்கு வரட்டும். இடைக்காலத்துக்குக் கெர்னலிலேயே டேமன் என்ற கண்காணிப்பு வசதி இருக்கிறது. மாதிரி எடுத்துப் பார்த்து, சூடான பகுதியை ஏற்று, ஆறியதை இறக்கு என்று தனித்தனியாகக் கட்டளையிடும் வசதி 6.11 முதல் அதில் உண்டு. மேலே சொன்ன இறக்கும், ஏற்றும் குறியீடு இண்டலின் ஆப்டேன் நினைவகத்துக்காக எழுதத் தொடங்கியது. ஆப்டேனை 2022-இல் இண்டல் கைவிட்டது. குறியீடு மட்டும் சிஎக்ஸ்எல் வீட்டுக்குக் குடிபோய் நன்றாக இருக்கிறது.

அந்த சர்வர் விஷயத்தில் நூமா பேலன்சிங்கை 2 ஆக்கி, ஏற்றும் வரம்பை இறுக்கியதிலேயே பெரும்பகுதி சரியாகிவிட்டது. குழுவினர் அத்தோடு நிற்காமல் எம்பைண்ட் அழைப்பால் இண்டெக்ஸை நோடு 0-இல் கட்டிவைக்கப் பார்த்தார்கள். அது பக்கம் முதலில் எங்கே பிறக்க வேண்டும் என்பதைத்தான் கட்டுப்படுத்தும். இறக்கும் குறியீடு அந்தக் கொள்கையைப் பார்ப்பதில்லை, மறுநாள் இரவு பேக்கப் ஓடியதும் பக்கங்கள் வழக்கம்போல் கீழே போயிருந்தன. எம்லாக் (பக்கத்தை ரேமில் பூட்டும் அழைப்பு) செய்தால் பக்கம் மீட்புப் பட்டியலிலேயே இருக்காது, ஆகவே இறக்கவும் மாட்டார்கள். இப்போது இண்டெக்ஸின் மேல் மட்டங்களை மட்டும், நோடு 0-இல் இடம் இருக்கும்போதே, தொடக்கத்தில் ஏற்றி எம்லாக் செய்கிறார்கள். அதற்கான மெம்லாக் வரம்பை சர்வீஸ் கோப்பில் உயர்த்தியிருக்கிறார்கள். கீழ் மட்டங்களைக் கெர்னல் விருப்பப்படி ஏற்றி இறக்கட்டும் என்று விட்டாயிற்று.